காத்மாண்டு: மூன்று பழைய அரச நகரங்களையும் நிதானமாகப் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து நேபாளம் செல்பவர்களில் பெரும்பாலோருக்குக் காத்மாண்டு ஓர் இடைத்தங்கல் மட்டுமே. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத்துக்கோ கயிலாய யாத்திரைக்கோ போகும் வழியில், காலையில் பசுபதிநாதரையும் மாலையில் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு மறுநாள் வண்டி ஏறிவிடுகிறார்கள். அவசரமாகப் பார்ப்பதற்கு இது ஏற்ற ஊரன்று. மல்ல மன்னர்களின் காலத்தில் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என ஒரே பள்ளத்தாக்கில் மூன்று தனி அரசுகள் இருந்தன. மூன்றும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு கோயில்களையும் அரண்மனைகளையும் எழுப்பின. யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஏழு இடங்களும் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே மூன்று முழு நாள்களும், கைவசம் ஓர் உபரி நாளும் ஒதுக்குங்கள் என்பதே என் பரிந்துரை. எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தே இந்த ஊரில் காண்பது அமையும் என்பதால், கீழ்க்கண்ட திட்டம் கோயில் நேரங்களை ஒட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

அக்டோபர், நவம்பர் மாதங்களே மிகச் சிறந்தவை. மழைக்காலம் தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். வடக்கே பனிமலைகள் தெளிவாகத் தெரியும். ஆனால் தசைன் எனப்படும் அவர்களுடைய விஜயதசமிப் பண்டிகையும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. அந்த நாள்களில் கடைகளும் உணவகங்களும் அடைத்திருக்கும். ஓட்டுநர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் இதமாக இருந்தாலும், காட்டுத்தீப் புகையும் நகரத்துப் புகையும் சேர்ந்து பள்ளத்தாக்கை மூடிவிடுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பருவத்தைத் தவிர்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். டிசம்பர், ஜனவரியில் பகலில் வெயில் இருக்கும். ஆனால் இரவுக் குளிருக்குக் கம்பளி ஆடை கட்டாயம், காலை மூடுபனியால் விமானங்கள் தாமதமாவதும் வழக்கம்.

நகரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், அதாவது கொடைக்கானலைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. எனவே உயரத்தால் மூச்சுத்திணறல் வருமோ என்ற அச்சம் இங்கே வேண்டியதில்லை. அந்தக் கவலையெல்லாம் முக்திநாத்துக்கும் கயிலாயத்துக்கும் உரியது.

படி 2: ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் செல்வதானால் கடவுச்சீட்டு அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை, இவ்விரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பி விமான நிலையத்துக்குப் போய் நிற்காதீர்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டுமே ஆதார் போன்ற ஒளிப்படச் சான்றுகள் செல்லும்.

இலங்கைத் தமிழர்கள் சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால், ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் வரையிலான விசாவை விமான நிலையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் வந்திறங்கியதும் விசா பெறலாம்; கட்டணம் 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர், 90 நாளுக்கு 125 டாலர். விசாவுக்கான படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பி அச்சிட்டுக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

படி 3: சென்று சேர்தல்

சென்னையிலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் டெல்லியில் விமானம் மாறுகிறார்கள். டெல்லியிலிருந்து காத்மாண்டு செல்லும் விமானத்தில் இடப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் இமயமலைத் தொடர் வழியெங்கும் கூடவே வரும். திரும்பும்போது அதே காட்சி வலப்பக்கம். ரயிலை விரும்புபவர்கள் கோரக்பூர் வரை சென்று, அங்கிருந்து சுனௌலி எல்லையைக் கடந்து நேபாளப் பேருந்து பிடிக்கலாம். செலவு குறையும், ஆனால் எல்லையிலிருந்து மலைப்பாதையில் ஒரு முழுப் பகலோ இரவோ போய்விடும். முதுகுவலி உள்ள பெரியவர்களை இந்த வழியில் அழைத்துப்போக வேண்டாம்.

இறங்கியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வையுங்கள். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிடக் கால் மணி முந்தியது. திருபுவன் விமான நிலையத்தில் பிரிபெய்டு டாக்சி உண்டு. ஊருக்குள் சுற்றும் சிறிய டாக்சிகளில் மீட்டர் போடச் சொல்வது பெரும்பாலும் வீண் முயற்சி. ஏறுமுன்பே வாடகையைப் பேசி முடித்துவிட வேண்டும். பதாவ், இன்டிரைவ் செயலிகளில் முதலில் தொகையைப் பார்த்துக்கொண்டால், டாக்சிக்காரரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஒரு கணக்குக் கிடைக்கும்.

படி 4: பணமும் தொலைபேசியும்

இந்திய ரூபாய்க்கும் நேபாள ரூபாய்க்கும் உள்ள மாற்று விகிதம் 1993 முதல் மாறாமல் இருக்கிறது: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். கடைகளில் இந்திய ரூபாயை ஐசி என்றும் நேபாள ரூபாயை என்சி என்றும் சொல்வார்கள். விலை கேட்டவுடன் “ஐசியா, என்சியா?” என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் ஒப்புக்கொண்டால், பணம் கொடுக்கும் நேரத்தில் விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களை நேபாள அரசு 2018 டிசம்பரில் தடை செய்தது. அந்த விதியைத் தளர்த்துவதற்கான நடவடிக்கைகள் பின்னர் தொடங்கின என்றாலும், கடைத்தெருவில் தகராறின்றிச் செல்வது 100 ரூபாய்த் தாள்தான். ஊரிலிருந்தே நூறு ரூபாய்க் கட்டுகளாக எடுத்துச் செல்லுங்கள். 2024 முதல் இந்திய யூபிஐ செயலிகள் வழியாகவும் பணம் செலுத்த முடிகிறது. அதற்குக் கடையில் ஃபோன்பே என்ற நேபாள நிறுவனத்தின் கியூஆர் அட்டை இருக்க வேண்டும். ஒலி ஒன்றுபோல இருந்தாலும், நம் ஊரில் ஊதா நிறச் சின்னத்தோடு வரும் செயலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிறு கடைகளும் கோயில் வாசல்களும் ரொக்கத்தையே எதிர்பார்க்கும்.

இந்திய சிம் அட்டை ரோமிங் இல்லாமல் இயங்காது. என்செல் அல்லது நேபாள் டெலிகாம் சிம் வாங்க, அடையாளச் சான்றின் நகலும் ஒளிப்படமும் கேட்பார்கள். இரண்டிலும் சில பிரதிகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 5: தங்குமிடம்

வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் தமேலில் தங்குகிறார்கள். விடுதி, உணவகம், பணமாற்றுக் கடை, பயண முகவர் என எல்லாம் அங்கே காலடியில் இருக்கும். இரவில் இரைச்சலும் இருக்கும். தரிசனமே முதன்மை நோக்கம் என்பவர்கள் பசுபதிநாத் கோயிலை ஒட்டிய கௌசாலா பகுதியில் தங்கலாம். அமைதி வேண்டுவோர்க்கு பௌத்தநாத் ஸ்தூபியைச் சுற்றியுள்ள சந்துகள் ஏற்றவை. திபெத்திய மடங்களின் விருந்தினர் இல்லங்களும் அங்கே உண்டு. நான் சொல்லும் திட்டத்தில் முதல் இரண்டு இரவுகள் நகருக்குள், மூன்றாம் இரவு பக்தபூரில்.

படி 6: முதல் நாள், பசுபதிநாத்தும் பௌத்தநாத்தும்

பசுபதிநாத் கோயில் விடியற்காலையில் திறந்து நண்பகலை ஒட்டி மூடப்படுகிறது. பிறகு மாலையில் திறக்கிறார்கள். காலை ஆறு மணிக்குள் வரிசையில் நின்றுவிடுவது நல்லது. திங்கட்கிழமைகளிலும், நாட்டின் வார விடுமுறையான சனிக்கிழமைகளிலும் உள்ளூர்க் கூட்டம் பெருகும். தோல் இடைவாரும் தோல் பையும் உள்ளே அனுமதிக்கப்படமாட்டா. உள்முற்றத்தில் ஒளிப்படம் எடுக்கக் கூடாது. இந்துக்கள் மட்டுமே உள்ளே செல்லலாம். மற்றவர்கள் பாக்மதி ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்து பார்க்கலாம்.

மேற்கு வாசலில் நுழைந்ததும் பொன்முலாம் பூசிய மிகப் பெரிய நந்தியின் பின்புறம்தான் முதலில் கண்ணில் படும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டடுக்குக் கூரையும் நான்கு திசைகளில் வெள்ளிக் கதவுகளும் கொண்ட கருவறை. இலிங்கத்துக்கு நான்கு பக்கமும் நான்கு முகங்கள் உள்ளதால், ஒரு வாசலில் மட்டும் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடாமல் நான்கு வாசல்களிலும் தரிசிக்க வேண்டும். மூலவரைத் தொட்டுப் பூசை செய்யும் உரிமை, வழிவழியாகத் தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கர்நாடகத்திலிருந்து, வரும் பட்டர்களுக்கே உரியது. இமயத்தின் அடிவாரத்தில் தெற்கத்திய அர்ச்சகர்களைக் காண்பது நம்மவர்களுக்கு வியப்பாகவே இருக்கும். பூசை நடத்தித் தருகிறோம் என்று வழியில் மறிப்பவர்களைத் தவிர்த்து, கோயில் அலுவலகத்தில் பணம் கட்டி ரசீது பெறுங்கள்.

கோயிலின் கீழே ‘ஆரிய காட்’ எனப்படும் படித்துறையில் பகல் முழுவதும் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும். சுற்றுலாப் பயணிகள் பலர் இதைக் காட்சிப்பொருளாக்கி ஒளிப்படக் கருவியை நீட்டுவது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. அங்கே நிற்பது ஒரு குடும்பம் தன் உறவைப் பறிகொடுத்த நேரம். கருவியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். சாதுக்களைப் படம் எடுத்தால் அவர்கள் காசு கேட்பார்கள், அது வேறு விஷயம்.

அங்கிருந்து குஹ்யேஸ்வரி சக்தி பீடத்தைத் தரிசித்துவிட்டு, ஆற்றைக் கடந்து நடந்தால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பௌத்தநாத் வந்துவிடும். டாக்சி தேவையில்லை. ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுள்ள இந்த வெண்ணிற ஸ்தூபியைச் சுற்றி, 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து வந்த அகதிகள் பெரும் எண்ணிக்கையில் குடியேறினார்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சேதமடைந்த அதன் உச்சியை மறு ஆண்டே சீரமைத்து முடித்துவிட்டார்கள். வலம் இடமிருந்து வலமாக, நம் கோயில்களில் சுற்றும் அதே திசையில். நடுப்பகல் உணவை ஸ்தூபியைப் பார்த்தபடி அமைந்த மாடி உணவகம் ஒன்றில் முடித்துக்கொண்டு ஓய்வெடுங்கள். மாலையில் மீண்டும் பசுபதிநாத்துக்குத் திரும்பி, கிழக்குக் கரைப் படிகளில் அமர்ந்து பாக்மதி ஆரத்தியைக் காணுங்கள். இருட்டத் தொடங்கும்போதே இடம் பிடித்துவிட வேண்டும்.

படி 7: இரண்டாம் நாள், சுயம்புநாத்தும் பழைய நகரமும் பாட்டனும்

விடிந்ததும் சுயம்புநாத் குன்றின் கிழக்குப் படிகளில் ஏறுங்கள். 365 படிகள் என்பது வழக்கு. கடைசிப் பகுதி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்களை டாக்சியில் மேற்குப் பக்கமாக அழைத்துச் சென்றால் ஏற வேண்டிய படிகள் வெகுவாகக் குறையும். குரங்குகள் கையிலுள்ள உணவைப் பறிக்கும், கண்ணாடியும் கவனம். மேலே ஸ்தூபியின் அருகில் ஹாரதி அம்மனுக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. அம்மை நோயிலிருந்து பிள்ளைகளைக் காப்பவள் என்று பௌத்தர்களும் இந்துக்களும் சேர்ந்தே வழிபடுகிறார்கள். நம் ஊர் மாரியம்மன் சன்னதியில் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாய்மார்கள் நிற்பதைப் போலவே இங்கும் நிற்பார்கள்.

கீழே இறங்கித் தமேலுக்கு வந்து, தெற்கு நோக்கி நடக்கத் தொடங்குங்கள். தஹிதி, பாங்கேமுடா, அசன், இந்திர சௌக், பசந்தபூர் என்பதே வரிசை. இந்த நடையைத்தான் காத்மாண்டுவின் உயிர்நாடி என்பேன். அரண்மனைச் சதுக்கத்தைவிடவும் எனக்குப் பிடித்தது இதுவே. பாங்கேமுடாவில் சுவரோரமாகப் பெரிய மரக்கட்டை ஒன்று நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கான காசுகளை ஆணியால் அடித்து மரமே தெரியாதபடி செய்திருக்கிறார்கள். பல்வலி தீர வேண்டிக்கொண்டவர்கள் அடித்த காசுகள் அவை. பல் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகளும் அந்தத் தெருவில் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. அசனில் அன்னபூர்ணா கோயிலைச் சுற்றி மசாலா, உலர்மீன், பித்தளைப் பாத்திரம் என விற்பனை காலையிலேயே சூடு பிடித்திருக்கும். பைகளை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பசந்தபூர் தர்பார் சதுக்கத்தில் நுழைவுக் கட்டணம் உண்டு. சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு என்பதால் அடையாளச் சான்றைக் காட்டிக் கேளுங்கள். பேருருவக் கால பைரவர் சிலை, அனுமன் தோக்கா அரண்மனை, நிலநடுக்கத்தில் இடிந்து மீண்டும் எழுப்பப்பட்ட காஷ்டமண்டபம் ஆகியவற்றைப் பார்த்த பின், 1757இல் ஜெயப்பிரகாச மல்லர் கட்டிய குமாரி இல்லத்துக்குள் செல்லுங்கள். சாக்கியர் குலத்துப் பௌத்தச் சிறுமி ஒருத்தியை இந்துக்களும் வாழும் தெய்வமாக வணங்குகிறார்கள். அவள் மாடி ஜன்னலில் தோன்றும் நேரம் உறுதியானதன்று. தோன்றினால் படம் எடுக்கக் கூடாது. காத்திருக்கும் வேளையில் முற்றத்தைச் சூழ்ந்த மரச் செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிற்பகலில் பாக்மதிக்குத் தெற்கே பாட்டன். 1637இல் சித்தி நரசிங்க மல்லர் கட்டிய கிருஷ்ணர் கோயில் 21 சிகரங்கள் கொண்ட கற்கோயில். சுற்றிலும் செங்கல்லும் மரமுமாக இருக்கும் சதுக்கத்தில் இது தனித்துத் தெரியும். முதல் தளத்தில் மகாபாரதக் காட்சிகளும் அதற்கு மேலே இராமாயணக் காட்சிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அண்ணாந்து நிதானமாகப் பார்த்தால் கதையை அடையாளம் கண்டுகொள்ளலாம். எதிரே உள்ள பாட்டன் அருங்காட்சியகத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் அது இதுவாக இருக்கட்டும். உலோக வார்ப்பு எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கியிருக்கும் விதம், சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்பை அறிந்தவர்களுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும். அருகிலேயே பொற்கோயில் எனப்படும் ஹிரண்ய வர்ண மகாவிகாரம்.

படி 8: மூன்றாம் நாள், சாங்கு நாராயணும் பக்தபூரும்

காலையில் வண்டி அமர்த்திக்கொண்டு முதலில் சாங்கு நாராயண் குன்றுக்குச் செல்லுங்கள். லிச்சவி மன்னர் மானதேவரின் பொ.ஆ. 464ஆம் ஆண்டுக் கல்வெட்டு இங்கே ஒரு தூணில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று. உலகளந்த பெருமாளையும் விசுவரூபத்தையும் காட்டும் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். கூட்டம் குறைவு என்பதே இந்த இடத்தின் பெரிய வசதி.

நண்பகலுக்குள் பக்தபூர் வந்துவிடலாம். மோட்டார் வாகனம் குறைந்த செங்கல் பாவிய தெருக்கள். மூன்று நகரங்களிலும் பழமை அதிகம் மிஞ்சியிருப்பது இங்கேதான். 1702இல் பூபதீந்திர மல்லர் எழுப்பிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில், 1934, 2015 ஆகிய இரு பெரும் நிலநடுக்கங்களையும் தாங்கி நின்றது. படிகளின் இருபுறமும் மல்லர்கள் (மற்போர் வீரர்கள்), யானைகள், சிங்கங்கள், யாளி போன்ற உருவங்கள், தேவியர் என ஐந்து இணைகள் காவல் நிற்கின்றன. சாதாரண மனிதனைவிட மல்லனுக்குப் பத்து மடங்கு வலிமை, மல்லனைவிட யானைக்குப் பத்து மடங்கு என்று ஒவ்வோர் அடுக்கிலும் வலிமை பெருகுகிறது என்பது ஐதிகம். உள்ளே இருக்கும் சித்தி லட்சுமியின் திருவுருவத்தை அர்ச்சகர்களைத் தவிர யாரும் காண்பதில்லை. 55 ஜன்னல் அரண்மனை, அதன் பொன்வாயில், குயவர் சதுக்கம், தத்தாத்ரேயர் கோயிலருகே மயில் ஜன்னல் ஆகியவற்றுக்குப் பிற்பகல் சரியாக இருக்கும்.

இங்கே ஓர் இரவு தங்குங்கள். பகல்நேரப் பயணிகள் வண்டியேறிப் போனபின், திண்ணைபோன்ற மேடைகளில் முதியவர்கள் அமர்ந்து தாளத்தோடு பஜனை பாடத் தொடங்குவார்கள். தங்கப்போவதை நுழைவுச்சீட்டு வாங்குமிடத்திலேயே சொல்லிவிட்டால், மறுநாளும் அதே சீட்டு செல்லும்படி குறித்துத் தருவார்கள்.

படி 9: உபரி நாள்

2025 செப்டம்பரில் நடந்த இளைஞர் போராட்டத்தின்போது விமான நிலையமே மூடப்பட்டது. மூடுபனியாலும் மழையாலும் ஏற்படும் தடங்கல்கள் ஆண்டுதோறும் உள்ளவை. ஆகவே ஊர் திரும்பும் இணைப்பு விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். தடங்கல் இல்லையென்றால், அதிகாலையில் நகருக்கு வடக்கே உள்ள புத்தநீலகண்டத்துக்குப் போகலாம். பெயரில் நீலகண்டம் இருந்தாலும், குளத்தின் நடுவே ஆதிசேடன்மேல் பள்ளி கொண்டிருப்பவர் திருமால். ஒரே கருங்கல்லில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளத்துக்கு வடித்த ஏழாம் நூற்றாண்டுத் திருமேனி. நேபாள மன்னர்கள் இதைத் தரிசிக்கக் கூடாது என்று ஒரு மரபு இருந்தது. பனிமலை பார்க்க விரும்புபவர்கள் சந்திரகிரி கேபிள் காரிலோ, காலையில் கிளம்பி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திரும்பும் எவரெஸ்ட் காட்சி விமானத்திலோ செல்லலாம். பின்னதில் வானம் மூடியிருந்தால் விமானம் கிளம்பாது. பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாள் மட்டும் தருவார்களா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

படி 10: உணவும் பழக்கவழக்கமும்

தால் பாத் எனப்படும் பருப்பு, சோறு, கறி கொண்ட தட்டுச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வைப்பார்கள். சைவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பசுவைக் கொல்வது நேபாளத்தில் குற்றம். ஆனால் எருமை இறைச்சி அன்றாட உணவு. உணவுப் பட்டியலில் பஃப் என்று இருந்தால் அது எருமை. மோமோ வாங்கும்போது காய்கறி மோமோதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே பாத்திரத்தில் வேகவைக்கிறார்களா என்பது கண்டிப்பான சைவர்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. பக்தபூரில் மண்சட்டியில் உறையவைத்த ஜுஜு தௌ என்ற தயிரை விட்டுவிடாதீர்கள். குழாய்நீர் குடிக்க வேண்டாம். இந்தி பரவலாகப் புரியும். கடைக்காரரை அண்ணன் என்ற பொருளில் ‘தாய்’ (dai) என்றும், பெண்களை அக்காள் என்ற பொருளில் தீதி என்றும் அழைத்தால் பேச்சு இலகுவாகும். தூசிக்கு முகக்கவசம் எப்போதும் பையில் இருக்கட்டும்.

படி 11: வாங்குவதும் புறப்படுவதும்

உருத்திராட்சமும் சாளக்கிராமமும் பசுபதிநாத் வாசலில் குவிந்திருக்கும். ஏகமுக உருத்திராட்சம் என்று அரிய பொருளாகச் சொல்லி விற்பவற்றில் போலி மிகுதி. சாதாரண ஐந்துமுக மாலைகளோடு நிறுத்திக்கொள்வது பணத்துக்கு நல்லது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி இல்லை. பழமையாகத் தோன்றும் சிலை, தங்கா எனப்படும் பௌத்தத் துணி ஓவியம் ஆகியவற்றை வாங்கினால், அவை புதியவை என்று தொல்லியல் துறையின் சான்று பெற்றுத் தரும்படி கடைக்காரரிடமே பேசிவிடுங்கள். விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வராது. மீதமுள்ள நேபாள ரூபாயைத் தமேலிலேயே இந்திய ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் ஊர் திரும்பிய பின் அதை மாற்றித் தரும் இடத்தைத் தேடுவது பெரும்பாடு. டாக்சிக்கும் தேநீருக்கும் தேவையான சில்லறையை மட்டும் கடைசிவரை வைத்திருந்தால் போதும்.